பெரிய வண்டி அக்காவுக்கு

மார்ச் 3

சுண்டு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் கார்களை மாற்றிக்கொள்ளலாமா? என் பெரியதை நீ எடுத்துக்கொள், உன் சின்னதை எனக்குக் கொடு. மேலே எதுவும் தர வேண்டாம். சிரிக்காதே, யோசித்துத்தான் கேட்கிறேன்.

பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்கிற பல் டாக்டர் நான். முதுகு பிடித்துக்கொள்கிறது. பெரியதன் சஸ்பென்ஷன் கட்டை மாதிரி. ரோட்டில் கிடக்கும் சிறு கல்லைக்கூட முதுகெலும்பில் எண்ணலாம். உன்னுடையது கொஞ்சம் இளகினது. மற்றபடி கம்பெனி ஒன்று, உடம்பு ஒன்று, கதவு ஒன்று, நிறம்கூட ஒன்று. பேப்பரில் பெயரை மாற்றினால் போதும்.

உனக்கு இதில் லாபம்தானே? சீக்கிரம் பதில் எழுது.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தை கிரேன் கேபினில் உட்கார்ந்து படித்தேன். கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், கண்டெய்னரை இறக்க மறந்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

இரண்டு வருஷம் ஆகிறது. நான் வாழ்க்கையில் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஒரு வண்டிதான். நாலு சிலிண்டர், இரண்டு சீட்டு, கூரையைத் திறந்தால் வானம். வாங்கின வாரமே உன்னை ஏற்றிக்கொண்டு கடலோர ரோட்டில் போனேன். வழி முழுக்க நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என் தங்கச்சி சம்பாதித்து வாங்கிவிட்டாளே என்று உனக்கு மனசு நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். அசடு நான். அடுத்த மாதமே நீ அதே நீலத்தில், அதே உடம்பில், ஆறு சிலிண்டரோடு வந்து நின்றாய். பின்பக்கம் பெயரில் ஒரே ஓர் எழுத்துதான் கூடுதல். அந்த ஓர் எழுத்துக்காக துறைமுகத்தில் நான் பட்ட கிண்டல் எனக்குத்தான் தெரியும். "ஒரிஜினல் உங்க அக்காகிட்ட இருக்கு போல" என்று ஃபோர்மேன் இன்றுவரை சொல்கிறார்.

சின்ன வயசில் நான் வரைந்தால் நீ பெரிய தாளில் வரைவாய். இப்போது பெரியது முதுகைக் குத்துகிறது என்றதும் என்னுடையதும் வேண்டுமா?

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என் வண்டியை நான் முழுசாக ஓட்டுகிறேன். மூன்றாவது கியர்வரை மனசாரப் பிழியலாம். அப்போதும் போலீஸ்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். உன்னுடையது இரண்டாவது கியரிலேயே வேக வரம்பைத் தாண்டிவிடும். அதன் பாதி பலத்தைக்கூட நீ எந்த ரோட்டிலும் பார்த்திருக்க மாட்டாய். சிங்கத்தை வாங்கிச் சந்தில் கட்டிப்போட்ட கதை.

தர மாட்டேன்.

சுண்டு


மார்ச் 20

சுண்டு,

நீ திட்டினது எல்லாம் சரி. இன்னும் திட்டு. ஆனால் வண்டியைக் கொடு.

உன்னை மட்டம் தட்ட நான் கேட்கவில்லை. பெரியது என் பிடியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. காலை லேசாக வைத்தாலே பாய்கிறது. எல்லாம் சட்டென்று வந்துவிடுகிறது. ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு லாரி இருக்கிறது. உன்னுடையதில் எல்லாம் கொஞ்சம் மெதுவாக வரும், எனக்கு நேரம் கிடைக்கும். சாயங்காலத்துக்கு மேல் நான் இப்போது எடுப்பதே இல்லை. காலையில் கிளினிக்குக்குப் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன். அதற்கு உன் நாலு சிலிண்டர் தாராளம்.

கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். அத்தானிடம் இதைப் பற்றிப் பேசாதே.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

கோபத்தில் பதில் எழுதாமல்தான் இருந்தேன். இப்போது எழுதுவது கோபத்தில் இல்லை.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. நேற்று எனக்கு. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, நடுப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தபோது உன் வரி நினைவுக்கு வந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று லாரி. ஓரம் தெரிகிறவளுக்கு லாரி திடீரென்று வராது. ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்துதான் வரும்.

என் கை பட்டனிலேயே நின்றுவிட்டது. "மேடம், தூங்கிட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அதோடு போன வாரம் அத்தான் எனக்குப் போன் செய்தார். வண்டியின் இடப்பக்கம் முழுக்கச் சிராய்ப்பு, யார் இடித்தது என்றால் நீ எரிந்து விழுகிறாயாம். திறந்து கிடக்கும் அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டு, திறந்து வைத்தது அவர்தான் என்று சண்டை போடுகிறாயாம். "அவளுக்கு என்மேல ஏதோ மனக்குறை. என்னன்னு நீயாவது கேளு" என்றார். அவர் குரலே உள்ளே போயிருந்தது. தன்னைத்தான் உனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நேராகக் கேட்கிறேன். உனக்குப் பக்கவாட்டில் கண் தெரிகிறதா?

சுண்டு


ஏப்ரல் 12

சுண்டு,

தெரியவில்லை.

எழுதியாகிவிட்டது. எழுதின பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. நடுவில் எல்லாம் துல்லியமாக இருக்கிறது. பல்லில் மயிரிழை விரிசல்கூடத் தெரிகிறது. பக்கத்தில் கருவித் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் நர்ஸ் தெரியவில்லை. இரண்டு தடவை தட்டிவிட்டேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவளாகவே ஒவ்வொரு கருவியையும் என் கையில் வைக்க ஆரம்பித்தாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விழித்திரை ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வருகிறது. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. நடுவும் ஒரு நாள் போய்விடும்.

இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். நீ என்னைக் கடலோர ரோட்டில் கூட்டிக்கொண்டு போனதற்கு நாலு நாள் முன்னால். அதனால்தான் வழி முழுக்கப் பேசவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும். இவள் இன்னும் முப்பது வருஷம் ஓட்டுவாள், எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று மட்டும்தான் மனசில் ஓடியது. மறுநாளே ஷோரூமில் போய் நின்றேன். உன்னுடையதைத்தான் கேட்டேன் சுண்டு. அவன்தான் பக்கத்தில் நின்ற பெரியதைக் காட்டி, "மேடம், அது தங்கச்சி, இதுதான் அக்கா. எப்பவாவது இதுக்கு மாறத்தான் போறீங்க, இப்பவே எடுத்துக்கலாமே" என்றான். எனக்கு அப்புறம் என்று ஒன்று இல்லை. எடுத்துவிட்டேன். உன்னை மிஞ்ச வாங்கினேன் என்று நீ நினைத்தாய். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது, நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளிச்சத்தில் ஓட்டலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டு என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். போன மாதம் போனபோது, இனிமேல் தொடவே கூடாது என்றார். அன்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டுதான் வந்தேன். வந்து உனக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினேன்.

இன்னொன்று. இது ரத்தத்தில் வருவது. அப்பா ஐம்பது வயசில் முட்டிவலி என்று வண்டியை விட்டாரே, பொழுது சாய்ந்தால் வாசற்படியில் தடுமாறுவாரே, நாம் சிரிப்போமே, அது இதுவாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். நீயும் போய்க் காட்டு. இரண்டு வருஷமாக இந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? என் காலுக்குக் கீழே கண்ணாடி. அதற்குக் கீழே மனிதர்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு வீட்டளவு இரும்புப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். எனக்கும் அது இருக்கலாம் என்று இரண்டு வருஷம் தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. உன்னை எப்படித் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அது இருக்கட்டும். வண்டியை இன்றைக்கே நிறுத்து. சாவியை அத்தானிடம் கொடு. சின்னதைத் தந்தால் சமாளிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். நாலு சிலிண்டர் இடித்தாலும் ஆள் சாவான் அக்கா. குதிரைச் சக்தி குறைவு என்று யாரும் பாதிதான் செத்துப்போக மாட்டார்கள்.

நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

சுண்டு


ஏப்ரல் 21

சொல்லிப் பார். அன்றோடு எனக்குத் தங்கச்சி இல்லை.

வண்டியை நிறுத்தினால் அடுத்தது கிளினிக். அதற்கு அடுத்தது, அத்தான் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். எல்லோரும் "பாவம்" என்பார்கள். காலையில் கிளினிக்குக்குப் போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் நானாக இருக்கிறேன். வழி எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு முனையிலும் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்துத்தான் போகிறேன். மே கடைசிவரை விடு. நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். உன் காலில் விழுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

அத்தான் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன், அவர் "சொல்லும்மா" என்றார். சும்மாதான், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மே நடுவில் லீவு கேட்டிருக்கிறேன். நானே வருகிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். அதுவரை மழையில் எடுக்காதே. மெயின் ரோட்டில் எடுக்காதே. இப்படி எழுதுவதே தப்பு என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சுண்டு


மே 4

சுண்டு,

இடித்துவிட்டேன்.

உயிர் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் வந்தவர். பேக்கரியில் அடுப்படி வேலை, காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தோள்பட்டை எலும்பும் இடுப்பும் முறிந்திருக்கிறது.

சின்ன ரோடுதான், நீ சொன்னபடி. மழையும் இல்லை. முனையில் தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தேன், காலி. இடது பக்கம் பார்த்தேன், காலி. நான் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வலது பக்கம் வந்துவிட்டார். நான் எதையும் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. இறங்கி முன்னால் போனபோதும் அவரைக் காணோம். என் கால் அவர் கையில் பட்டது, அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். பக்கத்திலேயே கிடந்திருக்கிறார்.

கூட்டம் கூடிவிட்டது. ரோட்டில் கிடந்தபடியே அவர் என்னிடம், "என்மேலயும் தப்பு இருக்குங்க. நானும் வேகமாத்தான் வந்தேன்" என்றார். கூட்டத்தில் ஒருவர், அந்த முனையில் எல்லாரும் இப்படித்தான் வருவார்கள், நீங்கள் பயப்படாதீர்கள் டாக்டர் என்றார். போலீஸ்காரரும் தலையாட்டினார். சும்மா நின்றிருந்தால் போதும் சுண்டு, எல்லாம் அவர்மேல் போயிருக்கும். நான் சும்மா நிற்கத்தான் நினைத்தேன். ஒரு நிமிஷம் நின்றும் இருந்தேன். ஆனால் அவர் முகம் குழாயின் நடுவில் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. அதை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. வேறெங்கே திரும்புவது?

"அவர்மேல தப்பு இல்ல. எனக்குப் பக்கவாட்டுல கண்ணு தெரியாது. வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் அத்தான் நிற்கிறார். யாரோ போன் செய்து ஓடி வந்திருக்கிறார், கடைசி வார்த்தைவரை கேட்டிருக்கிறார். என் கையிலிருந்து சாவியை வாங்கி, அதே கையைப் பிடித்துக்கொண்டார். எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அது நடுரோட்டில் நடந்தது. கையை உதறக்கூடத் தோன்றவில்லை.

லைசென்ஸ் போய்விட்டது. கேஸ் நடக்கும். நடக்கட்டும். அவர் செத்திருந்தால் நானும் இருந்திருக்க மாட்டேன். இது மிரட்டல் இல்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அக்கா


மே 9

அக்கா,

சனிக்கிழமை வருகிறேன். அதுவரை அத்தானோடு இரு. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தனியாக உட்காராதே. எனக்குச் சத்தியம் பண்ணு.

அன்றைக்கு நான் போனில் சௌக்கியம் விசாரித்துவிட்டு வைத்தேனே, அந்த இடத்திலேயே என் மனசு சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பேசியிருந்தால் அந்த மனிதர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்.

கண் டாக்டரிடம் போனேன். ஓரம் எல்லாம் இப்போதைக்குத் தெரிகிறது, ஆனால் அது பின்னாலும் வரலாம், ரத்தப் பரிசோதனை வந்தால்தான் உறுதி என்றார். ஆபீசில் நானே போய்ச் சொல்லிவிட்டேன். முடிவு வரும்வரை கிரேன் கிடையாது. கீழே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சுண்டு


ஜூன் 2

சுண்டு,

நீ கிளம்பின அன்று வாசலுக்கு வந்து வழியனுப்பவில்லை. மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, காரணம் உனக்குத் தெரியும்.

ஊர் ஓரத்தில் மூடிக் கிடக்கும் அந்தப் பழைய கிடங்கின் மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. சுற்றிலும் வேலி. உன் சின்னதில் ஒரே ஒரு சுற்று, முதல் கியரில், நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள் என்று கேட்டேன். அத்தானே, "போகட்டும் விடும்மா, கடைசித் தடவை" என்றார். நீ சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "மாட்டேன்க்கா" என்றாய். அவ்வளவுதான், ஒரே வார்த்தை. நான் உன்னைச் சொல்லாத சொல் இல்லை. நீ அழுதுகொண்டே நின்றாய், சாவியைக் கொடுக்கவில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எல்லோரும் எனக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். நாற்காலி, கை, ஆறுதல். இல்லை என்று சொன்னவள் நீ ஒருத்திதான். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அது கிடக்கட்டும். உன் ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று? வந்திருக்க வேண்டுமே. ஏன் எழுதவில்லை? மோசமாக வந்திருந்தால் எழுது. தனியாக வைத்துக்கொண்டு நான் என்ன ஆனேன் என்று பார்த்தாயே. கடிதம் கண்டதும் பதில் போடு. சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா


ஜூன் 14

அக்கா,

முடிவு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

எனக்கு இல்லை. இப்போதும் இல்லை, இனிமேலும் வராது.

டாக்டர் கை குலுக்கினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். சின்ன வயசிலிருந்து பெரிய தாள், பெரிய படிப்பு, பெரிய வண்டி எல்லாம் உனக்கு, அடுத்ததுதான் எனக்கு என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே அப்பா. இதில் மட்டும் நல்லது என் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. இதை உனக்கு எப்படி எழுதுவது? மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீ அங்கே சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே போன் செய்திருப்பேன்.

திங்கள்கிழமை மறுபடி கிரேனில் ஏறினேன். மேலே போனதும் கடல், கப்பல், இரண்டு பக்கமும் கடைசிவரை தெரிந்தது. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஃபோர்மேன் ரேடியோவில், "என்ன அங்க வேடிக்கை பாக்குறீங்க, பெட்டிய எடுங்க" என்றார். எடுத்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியவில்லை. உன்னை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

சுண்டு


ஜூன் 22

சுண்டு,

உன் கடிதத்தைப் பிரிக்கப் பயமாக இருந்தது, அத்தானை வாசிக்கச் சொன்னேன். "எனக்கு இல்லை" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் பிழைத்தோம் என்று இருந்தது. சாயங்காலம் பொறாமை வந்தது. ஏன் நான், ஏன் அவள் இல்லை என்று தலையணையைக் குத்தினேன். காலையில் அது போய்விட்டது. மறுபடி வரலாம், வந்தால் எழுதுகிறேன். ஆனால் நீ மேலே ஏறினாய் என்று அத்தான் படித்தபோது, வீட்டுக்கு ஒரு ஜோடிக் கண்ணாவது மிஞ்சியதே என்றுதான் இருந்தது.

பேக்கரிக்காரர் ஊன்றுகோலோடு நடக்கிறார். இனி அடுப்பு முன்னால் நாள் முழுக்க நிற்க முடியாதாம். நான் சில தடவை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். போன தடவை அவர் மனைவி, இனி வராதீர்கள், உங்களைப் பார்த்தால் அவர் நல்லவராக நடிக்க வேண்டியிருக்கிறது என்றார். சரி என்று வந்துவிட்டேன். கேஸில் என் பக்கம் வாதாட எதுவும் வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். கிளினிக்கை ஒரு சின்னப் பெண் டாக்டர் எடுத்துக்கொள்கிறாள். இனி நான் நோயாளிகளோடு பேசுவேன், அவள் கை வைப்பாள்.

பெரியதை விற்றாகிவிட்டது. உனக்குத்தான் தர நினைத்தேன். நீ வாங்க மாட்டாய் என்று அத்தான் சொன்னார், எனக்கும் தெரியும். புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் வந்தார்கள். சின்னதை விட்டு இதற்கு ஏன் போக வேண்டும் என்று அந்தப் பெண் அவனிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்டான், "மேடம், சொல்லுங்க, அவ்ளோ வித்தியாசம் இருக்கா?" நான் சொன்னேன், "அவசரமா இருக்கறவங்களுக்குத்தான்பா இது. உங்களுக்கு நேரம் இருக்குன்னா சின்னதே போதும்." அவள் சிரித்தாள். அவன் பெரியதையே எடுத்துக்கொண்டு போனான். தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. வண்டியிலேயே வா. கூரையைத் திறந்துவிடு, நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். எங்கே போகிறோம் என்று கேட்க மாட்டேன். கியர் மாற்றுவதற்கு மட்டும் ஏதாவது சொல்வேன். பொறுத்துக்கொள்.

அக்கா